பதினொரு நாளும் மூன்று தாத்தாக்களும்

— உட்காராதீங்க. உட்கார்ந்தா பேச்சு நீளும். நோட்டீஸைக் காட்டுங்க.

— இந்தாங்க மேடம். உட்கார எங்கங்க இடம்? நாற்காலி பூராவும் நீங்க ஃபைலைல்ல உட்கார வச்சிருக்கீங்க.

— இது மூணாவது நோட்டீஸ். முதல் ரெண்டுக்கும் ஏன் வரல?

— முதல் ரெண்டு வந்ததே எனக்குத் தெரியாதுங்க. இதுவும் என் கைக்கு வரல. நேத்து சாயங்காலம் பட்டனோட பை வாரு அறுந்துபோச்சு. தைக்கலாம்னு பையைக் கவுத்தேன். அடி அட்டைக்குக் கீழ நாலா மடிச்சுக் கிடந்துச்சு.

— பட்டன் யாரு?

— எம் பொண்ணுதாங்க. மூணு வயசுல சட்டைப் பட்டனை முழுங்கிட்டா. டெய்லர் வீட்டுப் பிள்ளை வேற எதை முழுங்கும்? அதுலேர்ந்து அந்தப் பேரே நின்னுபோச்சு.

— எனக்கு அவ ஒன்பதாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு, வரிசை எண் பதினெட்டு. இந்தப் பருவத்துல பதினொரு நாள் வரல. பத்து நாளைக்கு மேல போனா பருவத் தேர்வு எழுத முடியாது. விதி ரெண்டு. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து. போட்டுட்டுப் போய்ட்டே இருங்க.

— எப்படிங்க போறது? பரீட்சை எழுத முடியாதுன்னா என்ன அர்த்தம்?

— எழுத முடியாதுன்னா எழுத முடியாதுன்னு அர்த்தம். அடுத்த வருஷமும் இதே வகுப்பு, இதே பெஞ்சு.

— மேடம், அவ தினமும் எட்டு மணிக்கு ரெட்டைப் பின்னல் போட்டு, சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டு, பச்சை யூனிஃபார்ம்ல கிளம்பறா. நான் கண்ணால பாக்கறேன். அந்த யூனிஃபார்மைத் தைச்சவனே நான்தாங்க.

— வீட்லேர்ந்து கிளம்பறது வேற, இங்க வந்து சேர்றது வேற. உங்களுக்குச் சுற்றறிக்கை வந்ததா இல்லையா? பருவம் ஆரம்பிக்கிற தேதி, முடியற தேதி, நடுவுல விடற அஞ்சு நாள், எந்த எந்தக் காரணத்துக்கு லீவ் உண்டு, எதுக்குக் கிடையாது, எல்லாம் அச்சடிச்சுக் கொடுத்திருக்கேன். ராத்திரி பகல்னு பாக்காம நானே பிழை திருத்தினேன்.

— வந்துச்சுங்க. கடையில ஒட்டி வச்சிருக்கேன்.

— படிச்சீங்களா?

— அது மேல அளவு டேப் தொங்குதுங்க.

— பாருங்க! இதுக்குத்தான் நான் மண்டையை உடைச்சுக்கறேன். போன பருவத்துல ஒருத்தர், ஸ்கூல் தொறந்து ஒன்பது நாள் கழிச்சு பிள்ளையை இழுத்துட்டு வர்றார். வந்து என்னையே கேக்கறார், ‘என்ன மேடம், லீவு நாள்ல கேட்டைத் தொறந்து போட்டிருக்கீங்க’ன்னு.

— எனக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லைங்க. ஸ்கூல் எப்பத் தொறக்கும்னு எனக்குத் தாளைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்ல. பச்சைத்துணிக் கட்டு கடைக்கு வந்தா உங்க ஸ்கூல் தொறக்க மூணு வாரம். நீலத்துணி வந்தா அந்தத் தெருக்கோடி ஸ்கூல் தொறக்க மூணு வாரம். ரெண்டு ஸ்கூலுக்கும் நான்தானே தைக்கறேன். இந்தத் தடவை நீலத்துல ரெண்டு செட்டு குறைஞ்சு, அங்க போய் நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னது எனக்குத்தான் தெரியும்.

— உங்க நீலக் கதை எனக்கெதுக்கு? அண்ணே! அட்டெண்டர் அண்ணே! எங்க போய்த் தொலைஞ்சீங்க?

— இங்கதாம்மா இருக்கேன். பீரோவுக்குப் பின்னால.

— அங்க என்ன பண்றீங்க?

— நீங்க சத்தம் போடறப்போ அங்கதாம்மா நிப்பேன். இருவது வருஷமா அதான் என் இடம்.

— ஒன்பது ‘ஆ’ வருகைப் பதிவேட்டை எடுங்க. அப்படியே அந்தப் பதினெட்டாம் நம்பரோட லீவ் லெட்டர் கட்டையும் எடுங்க.

— எடுத்தாச்சும்மா. நமக்கென்ன, நோட்டைத் தூக்கறது மட்டும்தான் நம்ம சோலி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது நம்ம சோலி இல்ல.

— உங்களை யாரும் பாக்கச் சொல்லல. டெய்லர், இதைப் பாருங்க. பதினொரு நாளைக்குப் பதினொரு லெட்டர். லெட்டர் விஷயத்துல மட்டும் உங்க வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். மத்தவங்க எப்படி எழுதி அனுப்பறாங்கன்னு நினைக்கறீங்க? காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் ‘பிள்ளைக்கு முடியல’ன்னு ஒரே வரி. எந்தப் பிள்ளைக்கு, என்ன முடியல, என்னைக்கு முடியல, ஒண்ணும் கிடையாது. உங்களுது அப்படியா? அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், இடம். ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. மத்த பெற்றோருக்கு மாதிரின்னு நான் காட்டறதே இதைத்தான்.

— நான் எழுதலைங்களே.

— சரி, உங்க வீட்டம்மா எழுதியிருப்பாங்க.

— எங்க வீட்ல எழுத்துன்னா அளவு நோட்டுதாங்க. இடுப்பு இருபத்தெட்டு, உயரம் முப்பத்தி ரெண்டு. எங்க வம்சத்துல அதுக்கு மேல யாரும் எழுதினதில்ல. பட்டன் எழுத்து உங்களுக்கே தெரியும். கோழி கிளறின குப்பை.

— கையெழுத்து உங்களுது இல்லையா, அப்ப?

— இல்லவே இல்லைங்க. என் கையெழுத்துல கடைசியில ஒரு கத்திரிக்கோல் மாதிரி வரும். இதுல கத்திரிக்கோலே இல்லையே.

— நல்லா இருக்கு நியாயம். காரணத்தையாவது கேளுங்க. முதல் லெட்டர். ‘ஐயா, என் தந்தையார் நேற்று இயற்கை எய்தியதால், என் மகளுக்கு இன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ சரி, ரொம்ப வருத்தம். நானே ஓரத்துல ‘அனுமதிக்கலாம்’னு எழுதியிருக்கேன். ரெண்டாவது வயித்து வலி. மூணாவது விருந்தாளி வந்தது. விருந்தாளிக்கெல்லாம் லீவ் கிடையாது, விதி ஆறு. நாலாவது, ‘ஐயா, என் தந்தையார் நேற்று இயற்கை எய்தியதால்…’

— மறுபடியுமா?

— இருங்க. எட்டாவது. ‘ஐயா, என் தந்தையார்…’ டெய்லர், தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு மொத்தம் எத்தனை அப்பா?

— ஒரே ஒருத்தர்தாங்க! அந்த ஒருத்தரும் இந்த நிமிஷம் என் கடையில உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருக்கார்! காலையில ரெண்டாவது டம்ளர் காப்பி கேட்டு சண்டை போட்டார்!

— அப்ப பாருங்க. பொய்க் காரணம். பதினொரு நாளும் செல்லாது.

— ஏங்க மேடம், பிள்ளை வந்திருப்பா, டீச்சர் கவனிக்காம தப்பாப் போட்டிருப்பாங்க. அதைக் கொஞ்சம் திருத்திக் கொடுத்துட்டா…

— என்ன சொன்னீங்க? திருத்தறதா? இங்க பாருங்க, வருகைப் பதிவேடுன்னா அதுல கடவுளே வந்து கை வச்சாலும் நான் விட மாட்டேன். வந்தா கோடு, வராட்டி வட்டம். ஒரு தடவை டீச்சர் வட்டம் போட்டா போட்டதுதான். இருபத்தி நாலு வருஷ சர்வீஸ்ல ஒரு வட்டத்தை நான் கலைச்சதில்ல.

— அப்ப இது என்னங்க?

— எது?

— எம் பொண்ணு வரிக்கு மேல் வரி. பதினேழாம் நம்பர். கறுப்பு மையில வட்டம், அந்த வட்டத்து மேல சிவப்பு மையில கோடு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு… வரிசையா இருக்கே. உங்க மேசையிலயும் சிவப்புப் பேனாதான் இருக்கு.

— அது வேற.

— எப்படிங்க வேற?

— அது எம் பொண்ணு.

— ஓ.

— என்ன ஓ? அந்த டீச்சர் புதுசு. கண்ணு தெரியுதோ இல்லையோ, வந்த பிள்ளைக்கு வட்டம் போட்டு வச்சிருக்கா. அம்முவை நான் என் ஸ்கூட்டர்ல, என் முதுகுக்குப் பின்னால உட்கார வச்சு, எட்டரைக்கு இந்தக் கேட்ல இறக்கி விடறேன். டாடா காட்டிட்டுத்தான் பின்பக்கம் வண்டியை நிறுத்தப் போறேன். நான் கொண்டு வந்து விட்ட பிள்ளை வரலைன்னா, அப்ப வந்தது யாரு? அதான் வாரக் கடைசியில கூட்டல் போடறப்போ நானே சரி பண்ணினேன். டீச்சரையும் கூப்பிட்டு நல்லா நாலு கேள்வி கேட்டேன்.

— டீச்சர் என்னங்க சொன்னாங்க?

— என்ன சொல்லுவா? ‘நீங்க சொன்னா சரிதான் மேடம்’னு சொன்னா.

— அதைத்தானே மேடம் நானும் சொல்றேன்! நானும் கண்ணால பாத்துத்தான் அனுப்பறேன். உங்க பிள்ளைக்குத் தப்பு பண்ற டீச்சர் எம் பிள்ளைக்குத் தப்பு பண்ண மாட்டாங்களா? உங்க கண்ணு கண்ணு, என் கண்ணு என்ன காஜா ஓட்டையா?

— நான் கேட் வரைக்கும் கொண்டு வந்து விடறேன். நீங்க வீட்டு வாசலோட சரி. அதுவும் இதுவும் ஒண்ணா?

— சரிங்க. அப்ப இதையும் பாருங்க. நான் துணி வெட்டறவன், எனக்கு நேர் கோணல் சட்டுனு கண்ணுல படும். உங்க சிவப்புக் கோடு எங்கெங்க இருக்கோ, அதுக்கு நேர் கீழ எம் பொண்ணு வட்டம் இருக்கு. ஸ்கேல் வச்சு மார்க் பண்ண மாதிரி. எண்ணிப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு…

— பதினொண்ணு.

— மேலயும் பதினொண்ணு. கீழயும் பதினொண்ணு.

— பேனா வழுக்கியிருக்கும். ஒரு வட்டம் போட வேண்டிய இடத்துல ரெண்டு போட்டிருப்பா.

— பதினொரு தடவையுமா வழுக்கும்?

— அண்ணே, எதுக்கு இருமறீங்க?

— தூசிம்மா. பழைய நோட்டும்மா.

— இது இந்தப் பருவத்து நோட்டு. தேதியைப் படிங்க, டெய்லர். என் கண்ணாடி எங்கயோ கிடக்கு.

— கண்ணாடி உங்க தலை மேல இருக்குங்க. தேதி… ஆறு, எட்டு. அப்புறம் பதிமூணு, பதினஞ்சு. இருபது, இருபத்தி ரெண்டு…

— செவ்வாய், வியாழன். செவ்வாய், வியாழன். எந்த நோயும் கிழமை பார்த்து வராதே. அந்த லெட்டர் ஒண்ணைக் கொடுங்க. இல்ல, இப்ப படிச்சது வேண்டாம். வேற ஒண்ணு.

— என்னங்க பாக்கறீங்க? திருப்பித் திருப்பிப் பாக்கறீங்களே.

— மூணா மடிச்சிருக்கு. மடிப்புக்கு வெளிய வலது ஓரத்துல பொடியா தேதி. ஃபைல்ல போடறப்போ பிரிக்காமலே தேதி தெரியணும்னு அப்படி எழுதறது. ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களைத் தவிர யாரும் அப்படி எழுத மாட்டாங்க.

— அப்படிங்களா?

— இடது பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு இடம். பென்சில்ல கோடு போட்டு, எழுதி முடிச்சு, அப்புறம் ரப்பர் வச்சு அழிச்சிருக்கு. பொருளுக்குக் கீழ ரெண்டு கோடு. மேல் கோடு நீளம், கீழ் கோடு குட்டை. இதை நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? போன பெரிய லீவுல, டி.வி. பாத்துக்கிட்டே கிடக்கறாளேன்னு, ஒரு மாசம் உட்கார வச்சு…

— மேடம்?

— இன்னொண்ணைக் கொடுங்க. இதுலயும் அதே ரெண்டு கோடு.

— மேடம், தண்ணி குடிக்கறீங்களா?

— ‘நாளைக்கு நீ எந்த ஆபீஸுக்குப் போனாலும் உன் லெட்டரைப் பார்த்து நாலு பேர் எந்திரிச்சு நிக்கணும்டி’ன்னு சொன்னேன். எந்திரிச்சு நின்னது நான்தான். ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கேன் இந்த லெட்டரை. எம் பொண்ணு எழுதின லெட்டரை.

— அம்மு எழுதினதா? அப்ப ரெண்டும் சேர்ந்துதான்… ஆனா உங்க பொண்ணுக்குன்னு லெட்டரே இல்லையே, இந்தக் கட்டுல?

— அவளுக்கு எதுக்கு லெட்டர்? அவளுக்குத்தான் நான் இருக்கேனே, சிவப்புப் பேனாவோட.

— அதைச் சொல்லாதீங்கம்மா, மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

— அண்ணே. இங்க வாங்க. பீரோவை விட்டு வெளிய வாங்க. உங்களுக்கு ஏதோ தெரியும்.

— நமக்கென்னம்மா தெரியும்? நோட்டைத் தூக்கறவன்…

— அண்ணே!

— சொல்றேம்மா, கத்தாதீங்க. நீங்க வண்டியைப் பின்பக்கம் திருப்பினதும் ரெண்டும் கேட்டை விட்டு வெளிய போய்டும்மா. நேரா இவர் கடைக்கு. இவர் பத்து மணிக்குத்தானே கடைக்கு வர்றார்? அதுக்கு முன்னால பெரியவர்தான் தொறந்து வச்சிருப்பார். உள்ள போறப்போ பச்சை. வெளிய வர்றப்போ நீலம்.

— என்னது?

— நீல யூனிஃபார்ம்ங்க. ரெண்டு செட்டு. சாயங்காலம் நீங்க டீ குடிக்கப் போறப்போ திரும்பவும் பச்சை.

— அடப்பாவி! அந்த ரெண்டு செட்டு! எண்ணி வைக்கத் தெரியலையான்னு எங்கப்பாவை நான் பேசாத பேச்சு இல்ல. அந்த மனுஷன் வாயையே தொறக்கல, சிரிச்சுக்கிட்டே ஊசியில நூலைக் கோத்துக்கிட்டிருந்தார். தன்னை மூணு தடவை கொன்னதுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்கும்!

— நீலம்னா? அந்தக் கோடி ஸ்கூலா? அங்க எதுக்குப் போறாங்க? அண்ணே, நீங்க பாத்தீங்களா?

— பாத்தேம்மா. போன வாரம் கேள்வித்தாள் கட்டு கொடுக்க அனுப்பினீங்கல்ல? அங்க ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் வழியா பாத்தேன். கடைசி பெஞ்சுல ரெண்டும் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்துச்சு. தலை நிமிரல.

— என்ன எழுதினாங்க?

— கணக்கும்மா.

— கணக்கா?

— அங்க கணக்கு டீச்சர் செவ்வாயும் வியாழனும் காலையில முதல் ரெண்டு பீரியடும் சேர்த்து எடுப்பாங்களாம். ரொம்ப நல்லா எடுப்பாங்கன்னு அந்த அட்டெண்டர் சொன்னான்.

— அதானே பாத்தேன்! போன வாரம் எம் பொண்ணு நான் துணியில போட்ட மார்க்கையெல்லாம் அழிச்சுட்டு, அவ ஒரு மாதிரி போட்டா. நாலு சட்டை வர்ற துணியில அஞ்சு வந்துச்சு. ‘எங்கடி கத்துக்கிட்ட?’ன்னா, ‘ஸ்கூல்ல’ங்கறா. நான் உங்க ஸ்கூலைத்தான் மனசுக்குள்ள வாழ்த்தினேன் மேடம்.

— அதுக்காக? ஒரு ஸ்கூல்ல பேரு, இன்னொரு ஸ்கூல்ல படிப்பா? ரெண்டு பீரியடுதானே, முடிச்சுட்டுத் திரும்பி வந்து தொலைய வேண்டியதுதானே? எதுக்கு முழு நாள்?

— எப்படிம்மா வரும்? ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிட்டா அப்புறம் வர்றவங்களுக்கு அன்னைக்கு முழுக்க வட்டம்தான். விதி நாலு. நீங்க எழுதினது.

— நான் எழுதினதுதான். எனக்குத் தெரியும்.

— மேடம், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ஸ்கூல்ல கணக்கு டீச்சர் இல்லையா?

— இருக்காங்க.

— எங்க?

— லீவ்ல.

— எத்தனை நாளா?

— அது ஆசிரியர் பதிவேடு. பெற்றோர் கேக்கக் கூடாது.

— பதினேழாம் நம்பரோட அம்மாவைக் கேக்கறேன்னு வச்சுக்கங்க.

— பருவம் தொறந்த நாள்லேர்ந்து. நேத்தோட முப்பத்தாறு நாள். மருத்துவச் சான்றிதழ் முறையா இருக்கு. பதிலுக்கு ஆள் கேட்டு மூணு தடவை எழுதிப் போட்டாச்சு. பதில் வரல.

— அந்த பீரியட்ல பிள்ளைங்க என்ன பண்ணுதுங்க?

— அமைதியா உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கு.

— முப்பத்தாறு நாளா அமைதியா?

— டெய்லர், போதும். நீங்க கேக்கறதுக்கு முன்னாலயே கேட்டாச்சு. அம்மு கேட்டா. சோறு போடறப்போ, ‘அம்மா, கணக்கு டீச்சர் எப்ப வருவாங்க?’ன்னு. ‘எழுதிப் போட்டிருக்குடி, வரும்’னேன். மறுநாளும் கேட்டா. மறுநாளும் அதையே சொன்னேன். அப்புறம் அவ கேக்கறதை விட்டுட்டா. சமத்தாயிட்டான்னு நினைச்சேன்.

— டீச்சர் வராட்டி யாருக்கு மேடம் நோட்டீஸ் வரும்?

— சுற்றறிக்கையில அதுக்கு விதி இல்ல.

— நல்ல ஸ்கூலுங்க. வராத டீச்சருக்குச் சான்றிதழ், படிக்கப் போன பிள்ளைக்கு நோட்டீஸ்.

— என்கிட்ட எகிறாதீங்க. உங்க வீட்லதான் துணி மாத்தியிருக்காங்க.

— உங்க வீட்லதான் லெட்டர் எழுதியிருக்காங்க!

— அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா. எச்.எம். ரூம் கதவு தொறந்திருக்கு.

— தொறந்திருக்கட்டும். நல்லதாப் போச்சு. அண்ணே, அந்தப் பதிவேட்டை இப்படித் தள்ளுங்க. சிவப்புக் கோடு பதினொண்ணையும் அடிக்கறேன். ஒண்ணு. ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல என் கையெழுத்து. இப்ப ஒரு புது நோட்டீஸ் எடுங்க. வரிசை எண் பதினேழு. பெற்றோர் பேர் இருக்கற இடத்துல என் பேரை எழுதுங்க.

— அம்மா, உங்க பேர்லயா? உங்க வேலைக்கு ஏதாவது வந்துடப் போகுதும்மா.

— எழுதுங்கன்னா எழுதுங்க.

— அப்ப ரெண்டு பிள்ளையும் பரீட்சை எழுத முடியாதா மேடம்? நான் எதுக்கு வந்தேன், இப்ப என்ன ஆச்சு! ஒண்ணுக்கு ரெண்டா வெட்டிட்டேனே.

— பொறுங்க. நான் இன்னும் முடிக்கல. எச்.எம்.முக்கு ஒரே தாள்ல எழுதப் போறேன். வராதவர்கள் பட்டியல். பதினேழாம் நம்பர், பதினொரு நாள். பதினெட்டாம் நம்பர், பதினொரு நாள். மூணாவது வரியில கணக்கு டீச்சர், முப்பத்தாறு நாள். காரணம் எழுதற இடத்துல மேல் ரெண்டு வரிக்கும் ‘மூணாவது வரியைப் பார்க்கவும்’னு எழுதப் போறேன். முதல் ரெண்டு வரியில அவர் கையெழுத்துப் போடணும்னா மூணாவதுக்குக் கீழயும் போட்டாகணும். போடட்டும் பார்ப்போம். ஒரு வாரம் அந்தத் தாள் அவர் மேசையிலயே கிடக்கும். அப்புறம் ‘இதை இப்படியே விட்டுடுங்க மேடம்’னு சொல்லுவார். பிள்ளைங்க பரீட்சை எழுதும். இருபத்தி நாலு வருஷமா அவங்க மேசையெல்லாம் எனக்குத் தெரியும்.

— அம்மா, நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல.

— நீங்க பீரோவுக்குப் பின்னால போங்க. அதுக்கு முன்னால அந்த நீல ஸ்கூல் நம்பரைச் சொல்லுங்க. இந்தக் கூத்தை இன்னையோட நிறுத்தறேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை இன்னொரு பள்ளிக்கூடத்துல போய் உட்கார்றதுக்கு எந்த விதியிலயும் இடமில்ல.

— மேடம், கொஞ்சம் யோசிச்சு…

— சும்மா இருங்க, ரிங் போகுது. ஹலோ. வணக்கம். அங்க ஒன்பதாம் வகுப்புல கடைசி பெஞ்சுல ரெண்டு பொண்ணுங்க… ஆமா, கணக்கு வகுப்புல… ஓ, டீச்சரே பக்கத்துல இருக்காங்களா, கொடுங்க… வணக்கம் டீச்சர். நான் யாரா? நான் இங்க ஆபீஸ்ல… நான் வந்து… அந்தப் பொண்ணோட அம்மா பேசறேன்.

— அண்ணே, என்ன இது, ஸ்கூல் பேரைச் சொல்லலையே?

— உஷ், கேளுங்க டெய்லர்.

— அப்படியா டீச்சர்? … நூத்துக்கு எவ்வளவு? … ரெண்டு பேருமா? … இல்ல, அழல டீச்சர், சளி … எந்தப் பொண்ணோட அம்மான்னா? … ஓ, ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொன்னாங்களா? … ஆமா டீச்சர். ரெண்டும் எம் பொண்ணுங்கதான். … சரி. … சரி டீச்சர். கொடுத்து விடறேன்.

— என்ன மேடம்? என்ன சொன்னாங்க?

— ‘எங்க பேர் இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரல’ன்னு ரெண்டும் முதல் நாளே சொல்லியிருக்கு. அந்த டீச்சரும் பருவம் பூரா நம்பிட்டிருக்காங்க. ‘ஆபீஸ்னா அப்படித்தானேம்மா, வருஷம் முடியறப்போ பேர் வரும்’னு என்கிட்டயே சொல்லிச் சிரிக்கறாங்க. போன வாரப் பரீட்சையில அம்மு எண்பத்தொண்ணு. உங்க பட்டன் தொண்ணூத்தாறு.

— தொண்ணூத்தாறா! எங்க அளவு நோட்டுல யாரோட மார்பளவும் தொண்ணூத்தாறு வந்ததில்லையேங்க!

— சந்தோஷப்பட நேரமில்ல. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நோட்டீஸ் உங்க கைக்கு வந்துட்டதால ரெண்டும் இன்னைக்கு இங்க மாடியில அமைதியா உட்கார்ந்திருக்கு. அங்க ஏன் வரலைன்னு டீச்சர் கேக்கறாங்க. வியாழக்கிழமை லீவ் லெட்டர் இல்லாம வந்தா உள்ள விட மாட்டாங்களாம். அங்க அது விதி மூணு.

— பிள்ளைங்க இன்னைக்கு இந்த ஸ்கூல்ல இருந்தாங்கன்னு உள்ளதைச் சொல்லிடுங்களேன்.

— உள்ளதைச் சொன்னா அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் ரெண்டுக்கும் கணக்கு ஏது? அண்ணே, ஒரு வெள்ளைத்தாள். கோடு போட்டது வேண்டாம். பென்சில், ஸ்கேல், ரப்பர்.

— அம்மா, நீங்களா எழுதப் போறீங்க?

— வேற யாரு எழுதுவா? ரெண்டு விரல் இடம் விட்டாச்சு. பொருள், ரெண்டு கோடு. ‘மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு…’

— மேடம், மேடம், ஒரு நிமிஷம். காரணம் என்னன்னு போடப் போறீங்க? தயவுசெஞ்சு எங்கப்பாவை மட்டும் மறுபடியும்…

— உங்கப்பாவை விடுங்க டெய்லர், அவர் மூணு தடவை போய்ட்டு வந்துட்டார், பாவம். எங்கப்பா நல்லா திடமா இருக்கார், ஒரு தடவை தாங்குவார்.